சிம்பதியா எம்பதியா, எதை எங்க போடுறது?

இந்த ரெண்டு இங்கிலீஷ் வார்த்தையும் ஒண்ணுதானேன்னு நிறைய பேர் மாத்தி மாத்தி எழுதுறாங்க, ஆனா அப்படி இல்ல.

வயசு: சிம்பதி 16ஆம் நூற்றாண்டுலயே இங்கிலீஷ்ல இருக்கு. எம்பதி ரொம்ப சின்னது, 1909ல டிட்ச்னர்ங்கிற சைக்காலஜிஸ்ட் ஒரு ஜெர்மன் வார்த்தைய வச்சு உண்டாக்குனது.

அர்த்தம்: சிம்பதின்னா ஒருத்தர் கஷ்டத்த பாத்து நாம வருத்தப்படுறது. எம்பதின்னா அவர் இடத்துல நின்னு அவருக்கு எப்படி இருக்கும்னு உணர்றது, அது கஷ்டமாத்தான் இருக்கணும்னு இல்ல, சந்தோஷம் கோவம் எதுவா இருந்தாலும் சரி.

எழுதும்போது: துக்க வீட்டுக்கு மெசேஜ்னா சிம்பதிதான், அங்க போய் 'மை டீப்பெஸ்ட் எம்பதி'ன்னு போட்டா வேடிக்கையா இருக்கும். டாக்டர், கவுன்சிலர் எப்படி காது குடுத்து கேக்கணும்னு பேசுறப்போ எம்பதி. பிட்டி (pity, அதாவது பரிதாபம்)ங்கிற வார்த்தைய மட்டும் யார் மூஞ்சிக்கு நேராவும் சொல்லிடாதீங்க, அதுல ஒரு எளக்காரம் ஒட்டிக்கிட்டே வரும்.