படபடப்புக்கு எது: மெதுமூச்சா, ஐஸ் தண்ணீரா?

நேர்முகத் தேர்வுக்கு முன் நெஞ்சு படபடத்தால் மூச்சுப் பயிற்சியா, முகத்தில் ஐஸ் தண்ணீரா என்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் நண்பர்கள் கேட்கிறார்கள். இரண்டும் தட்டுவது ஒரே கதவைத்தான்: நாம் நினைக்காமலே உடலை இயக்கும் தானியங்கு நரம்பு மண்டலத்தில் இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பு.

வேகம்: மூச்சைப் பிடித்து முகத்தைக் குளிர்நீரில் வைத்தால் சில விநாடிகளிலேயே துடிப்பு குறையும். நீரில் மூழ்கும்போது ஆக்சிஜனைச் சேமிக்கும் அனிச்சைச் செயல் இது. சீல் என்ற கடல் விலங்குகளுக்கு நம்மைவிடப் பலமாக உண்டு. மெதுமூச்சுக்குச் சில நிமிடங்கள் வேண்டும். நிமிடத்துக்குச் சுமார் 6 மூச்சு, வெளிவிடுவது நீளமாக. வெளிவிடும்போதுதான் வேகஸின் பிடி இறுகித் துடிப்பு தளர்கிறது.

செலவு: மூச்சு இலவசம். மாமாக் உணவுக்கடை ஐஸ், சில்லறைக் காசு.

வசதி: நெரிசலான எல்ஆர்டி ரயிலில் நின்றபடியே மெதுவாக மூச்சு விடலாம், யாருக்கும் தெரியாது. ஐஸுக்குக் கிண்ணமும் துண்டும் தேவை. மேக்கப் போட்டவர்கள் பாடு திண்டாட்டம். மதிய வெயிலில் வெதுவெதுவென்று வரும் குழாய்த் தண்ணீரும் சரிப்படாது.

அன்றாடப் பதற்றத்துக்கு என் ஓட்டு மூச்சுக்கே. வீட்டில் இருக்கும்போது திடீரென எகிறினால் ஐஸ் தண்ணீர். இதய நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் ஐஸ் பக்கம் போக வேண்டாம்.