200 லிட்டர் நீல டிரம்: தெப்பம் கட்ட எது உதவும், எது கவிழ்க்கும்

பழைய சாமான் கடை வாசலில் அடுக்கி வைத்திருக்கும் நீல டிரம்மைத் தண்ணீர் பிடிக்கத்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். பண்ணைக்குட்டையில் மீனுக்குத் தீவனம் போட, ஏரியில் வலை கட்ட, ஆகாயத்தாமரையை இழுத்துக் கரை சேர்க்க ஒரு தெப்பம் வேண்டும் என்பவர்களும் கடைசியில் அதே கடைக்குத்தான் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த மதிப்பீடு. டிரம் நல்ல பொருள்தான். ஆனால் எந்த டிரம், எப்படிப் படுக்க வைப்பது, எதனால் கட்டுவது என்பதில்தான் தெப்பம் நிலைப்பதும் கவிழ்வதும் இருக்கிறது. டிரம் தெப்பம் மூழ்கிப் போவது அபூர்வம். கட்டு நழுவுவதும் ஒரு பக்கம் சாய்வதும்தான் வழக்கமான கோளாறு.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, மேல்பக்கம் முழுதும் திறந்து, மூடி போட்டு இரும்பு வளையத்தால் இறுக்குவது. மற்றது, மேல்தட்டு ஒட்டியே வார்க்கப்பட்டு, விளிம்போரம் எதிரெதிராக இரண்டு சின்ன மூடிகள் மட்டும் உள்ள குறுகிய வாய் டிரம். தெப்பத்துக்கு இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். திறந்த வாய் டிரம் நிமிர்ந்து நிற்கும்போது தண்ணீர் விடாது. படுக்க வைத்து, ஆள் ஏறி இறங்கும்போது டிரம்மின் உடம்பு லேசாக நெளியும். அப்போது வளையத்துக்கும் மூடிக்கும் நடுவே தண்ணீர் ஏறத் தொடங்கிவிடும். அது மட்டும்தான் கிடைக்கிறது என்றால் உள்ளே காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை மூடி இறுக்கி அடைத்துவிடுங்கள். ஒரு அடுக்குக்கு முப்பதுக்கு மேல் என்று மூன்று அடுக்கில் நூறு பாட்டில் கொள்ளும். டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தாலும் நூறு லிட்டர் காற்று மிச்சம் இருக்கும், அந்த மூலை தொங்காது. கொஞ்சம் மெனக்கெடும் வேலைதான், ஆனால் அதற்கான பலன் உண்டு.

வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம், முன்னால் அதில் என்ன இருந்தது என்பது. பூச்சிமருந்து, அமிலம், சாயக் கெமிக்கல் வந்த டிரம்மை எவ்வளவு கழுவினாலும் மீன் வளர்க்கும் குட்டையில் இறக்கக் கூடாது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள். லேபிளைப் பாருங்கள். லேபிள் கிழிக்கப்பட்டு, கடைக்காரருக்கும் சொல்லத் தெரியவில்லை என்றால் அந்த டிரம் வேண்டாம். குளுக்கோஸ் சிரப், சமையல் எண்ணெய், கிளிசரின் வந்தவை நல்லவை.

அடுத்தது வெயில். வெளியே வருஷக்கணக்கில் கிடந்த டிரம்மை விரலால் தேய்த்தால் வெள்ளையாக மாவு ஒட்டும். விளிம்பு வளையத்தின் மடிப்பில் முடி போன்ற வெள்ளைக் கோடுகள் தெரியும். கட்டைவிரலால் அழுத்தினால் நெளிந்து திரும்பாமல் ‘படக்’ என்று சத்தம் கேட்கும். மூன்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிவிடுங்கள். பழையது, புதியதன் விலையில் பாதிக்குள் கிடைத்தால்தான் வாங்குவதில் அர்த்தம். அதற்கு மேல் சொன்னால் புதியதே மேல்.

ஓட்டை டிரம்மை மலிவாக வாங்கி அடைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு: எம்-சீல், அரால்டைட், சிலிக்கான் எதுவும் இந்தப் பிளாஸ்டிக்கில் நிலைத்து ஒட்டாது. டிரம் வார்க்கப்படும் எச்.டி.பி.இ. என்ற இந்தப் பிளாஸ்டிக் பசையை ஏற்காத பொருள். காய்ந்ததும் கெட்டியாக இருப்பது போலத் தெரியும், டிரம் ஒருமுறை நெளிந்தால் ஓடாகக் கழன்று வரும். அதே பிளாஸ்டிக்கின் துண்டை வைத்துச் சூட்டுக் காற்றால் உருக்கி ஒட்டும் வெல்டிங்தான் ஒரே வழி. இதே காரணத்தால், கட்டுவதற்கு வசதி என்று டிரம்மில் துளை போட்டு போல்ட் அடிக்கவும் கூடாது.

வாங்கிய டிரம் கசிகிறதா என்று பார்க்கக் கம்ப்ரசர் காற்று அடிப்பவர்கள் உண்டு. அது ஆபத்து. வெடித்தால் மூடி முகத்தில் வந்து அடிக்கும். வெயிலையே வேலை வாங்கலாம். விடியற்காலையில் டிரம் குளிர்ந்திருக்கும்போது இரண்டு மூடிகளையும் இறுக்கிவிட்டு வெயிலில் போடுங்கள். உச்சிப்பொழுதில் உள்காற்று விரிந்து டிரம் விம்மி நிற்கும். மூடியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் தடவினால், கசிவு இருக்கும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். பெரும்பாலும் ரப்பர் வாஷர்தான் காய்ந்து வெடித்திருக்கும். வாஷரை மாற்றி, மரையில் டெஃப்லான் டேப்பை ஐந்தாறு சுற்று சுற்றி இறுக்கினால் சரியாகிவிடும்.

இதன் மறுபக்கம் ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. மத்தியான வெயிலில் சூடான டிரம்மை மூடித் தண்ணீரில் தள்ளினால் உள்காற்று சுருங்கும். டிரம் உள்வாங்கிப் பள்ளம் விழும். வாஷர் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அந்த இழுப்பில் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே மூடியைக் கடைசியாக இறுக்குவது டிரம் குளிர்ந்த பிறகே இருக்கட்டும்.

இனி தூக்கும் கணக்கு. ஒரு லிட்டர் காற்று தண்ணீரில் ஒரு கிலோவைத் தூக்கும். நான்கு டிரம் என்றால் 800 கிலோ. ஆனால் அந்த 800-ஐ நம்பி ஏறக் கூடாது. டிரம் பாதி மூழ்கும் அளவோடு நிறுத்த வேண்டும், அதாவது 400 கிலோ. டிரம்கள் ஒன்று ஒன்பது கிலோ வீதம் 36. மூன்று இஞ்சு சவுக்குக் கழிகள் சுமார் 70. எட்டுக்கு நாலடி, 12 மி.மீ. பிளைவுட் ஒன்று 23 கிலோ வரும். பெல்ட், கயிறு சேர்த்துத் தெப்பமே 130 கிலோவைத் தாண்டும். மிச்சம் 265 கிலோ. இரண்டு ஆள், இரண்டு ஐம்பது கிலோ தீவன மூட்டை, அதோடு சரி.

பாதி என்று நிறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு மூடிகளும் எதிரெதிர் விளிம்பில் இருப்பதால், ஒன்றை உச்சியில் வைத்தால் மற்றது அடியில் போய்த் தண்ணீருக்குள் நிற்கும். இரண்டும் ஒரே மட்டத்தில் வரும்படி டிரம்மைத் திருப்பி வைத்தால், பாதி மூழ்கும்வரை இரண்டும் நீர்மட்டத்துக்குக் கீழே போகாது. வரிசையில் அடுத்தடுத்த டிரம்களின் மூடிப் பக்கம் ஒன்றையொன்று பார்க்கட்டும். அலை வந்து நேரே மோதாது.

வடிவம்தான் உயிர். நான்கு டிரம்மையும் நிமிர்த்தி நிறுத்தி மேலே பலகை போடுவது பார்க்க எளிது, நிற்பதற்கு மோசம். பாதி மூழ்கினாலும் பலகை தண்ணீருக்கு ஒன்றரை அடிக்கு மேல் இருக்கும். அங்கே ஆள் எழுந்து நின்றால் தெப்பம் சாயக் காத்துக்கொண்டிருக்கும். நாலையும் படுக்க வைத்து நெருக்கிக் கட்டுவதும் போதாது. சரியான வழி, போகும் திசையில் படுத்த இரண்டிரண்டு டிரம்களாக இரண்டு வரிசை. வரிசைகளின் நடுக்கோட்டுக்கு நடுக்கோடு நாலடி. பலகை இரண்டுக்கும் நடுவே. ஆள் நிற்பதும் மூட்டை வைப்பதும் அந்த நாலடிக்குள். வெளி விளிம்பில் யாரும் உட்காரக் கூடாது.

சட்டம் கட்டும் முறை: ஒவ்வொரு வரிசையின் மேலும் எட்டடிச் சவுக்குக் கழி இரண்டை, ஓரடி இடைவெளியில் நீளவாக்கில் வையுங்கள். டிரம்மின் முதுகு அந்த இடைவெளியில் நாலு சென்டிமீட்டர் போலப் புதைந்து உட்காரும். அப்படி உட்கார்ந்த டிரம் உருளாது. ஒரே ஒரு கழியை முதுகின் மேல் வைத்துக் கட்டுகிறவர்கள்தான் பாதி வழியில் டிரம் உருண்டு கட்டு அவிழ்வதைப் பார்க்கிறார்கள். நீளக் கழிகளின் மேல் ஆறடிக் குறுக்குக் கழிகள் ஐந்து. கழிக்குக் கழி சேரும் இடங்களில் சாரம் கட்டுகிறவர்கள் போடும் அதே கட்டு போதும். குறுக்கும் நெடுக்குமாக நாலு சுற்று, பிறகு இரண்டு கழிக்கும் நடுவே கயிற்றைச் சுற்றி நெரித்து இறுக்குவது. அந்த நெரிப்பை விட்டுவிட்டால் எத்தனை சுற்று போட்டும் பயனில்லை. பக்கத்தில் கட்டடம் கட்டுகிற இடத்தில் சாரக்காரர் இருந்தால் ஒரு கூலி கொடுத்து அவரையே கட்டச் சொல்லுங்கள்.

டிரம்மைச் சட்டத்தோடு பிணைப்பதில் கயிறு வேண்டாம். நைலான் நனைந்து பாரம் ஏறினால் நீளும். மஞ்சள், நீலப் பிளாஸ்டிக் கயிறு வழவழப்பான டிரம்மில் வழுக்கும், வெயிலில் நாராக உதிரும். லாரியில் பாரம் இறுக்கும் ராட்செட் பெல்ட், கொக்கி இல்லாத வகை, மூன்று மீட்டர் நீளத்தில் டிரம்முக்கு இரண்டு வீதம் எட்டு வாங்குங்கள். டிரம்மின் சுற்றளவே ஆறடி, கழியையும் சேர்த்துச் சுற்ற மூன்று மீட்டர் சரியாக இருக்கும். டிரம்மின் இரு முனையிலும் உள்ள தடித்த வளையத்துக்கு உள்பக்கமாகப் பெல்ட் ஓடட்டும், கழன்று வெளியே நழுவாது. பெல்ட்டுக்கு அடியில் பழைய லாரி டியூபை இரண்டு இஞ்சு அகலத்தில் வெட்டிச் சுற்றிவிட்டால் வழுக்கல் அறவே நின்றுவிடும். முதல் அரைமணி நேரம் மிதந்த பிறகு எல்லாப் பெல்ட்டையும் இன்னொரு முறை இறுக்க வேண்டும். கழி டிரம்மில் படிந்து உட்காருவதால் எல்லாம் தளர்ந்திருக்கும்.

பிளைவுட்டைக் கட்டுக்கம்பியால் குறுக்குக் கழியோடு முறுக்குங்கள். கம்பி முனையை மேல்பக்கம் மடக்கி விடாதீர்கள், காலைக் கிழிக்கும். டிரம் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கழிக்குள் பதியும்படி அடித்துவிடுங்கள்.

மற்ற பொருள்களோடு ஒப்பிட்டால், லாரி டியூப் ஒருவருக்கு அருமை. மடித்து எடுத்துப் போகலாம், சுமார் 140 லிட்டர் காற்று பிடிக்கும். ஆனால் நம் ஏரிகளில் தண்ணீர் வற்றியபோது முளைத்த சீமைக்கருவேலம் தண்ணீருக்குள் நிற்கிறது. ஒரு முள் போதும், மொத்த மிதப்பும் போய்விடும். தெர்மாகோல் கட்டி முள்ளுக்குப் பயப்படாது, லேசானது. ஆனால் உரசும் இடமெல்லாம் உதிர்ந்து மணிமணியாகத் தண்ணீரில் கலக்கும், மீன் அதைத் தின்னும். பெட்ரோல் பட்டால் கரைந்தும் போகும். மீன் குட்டைக்கு அது ஆகவே ஆகாது. வாழைமரத் தெப்பம் வெள்ளத்தில் கைக்குக் கிடைப்பது, மூங்கில் குச்சியைக் குறுக்கே அடித்துக் கோத்தால் உடனே தயார். சில நாளில் தண்ணீர் குடித்து அழுகும். அவசரத்துக்கு அதை அடித்துக்கொள்ள வேறில்லை, தினசரி வேலைக்கு இல்லை. பரிசல் இவை எல்லாவற்றையும்விட நேர்த்தியானது, ஆனால் அதைப் பின்னவும் ஓட்டவும் கை பழகியிருக்க வேண்டும்.

டிரம் தெப்பத்தின் குறை வேகம். டிரம்மின் தட்டையான முகம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவதால் துடுப்பு போட்டுக் கை வலிக்கும். எதிர்க்காற்றில் நின்ற இடத்திலேயே நிற்கும். முப்பது மீட்டர் பண்ணைக்குட்டையில் துடுப்பே வேண்டாம். கரைக்குக் கரை ஒரு கயிறு கட்டி, அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகலாம். ஆறு, கால்வாய், வெள்ளம், கடல் எதற்கும் இது ஏற்றதல்ல. ஓடும் தண்ணீரில் இதைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. நீச்சல் தெரிந்தவரானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள மிதவைச் சட்டை போடாமல் ஏறக் கூடாது.

பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குட்டை என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. தெப்பம் கரையில் உரசும் இடத்தில் கழியின் வெட்டுமுனை விரிப்பைக் கிழித்துவிடும். கழிமுனைகள் எல்லாவற்றிலும் லாரி டியூப் துண்டைச் சொருகிக் கட்டுங்கள். தள்ளும் கோலின் அடியிலும் ஒரு ரப்பர் குமிழ் வேண்டும்.

கட்டுமரத்தை அந்தக் காலத்தில் கரைக்கு வந்ததும் அவிழ்த்து மரங்களைக் காயப் போடுவார்கள். டிரம் தெப்பத்துக்குத் தினமும் அது தேவையில்லை, ஆனால் மாதம் ஒருமுறை கரையேற்றி ஒவ்வொரு டிரம்மையும் குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே சளசளவென்று சத்தம் கேட்டால் மூடியைத் திறந்து வடித்து வாஷரை மாற்றுங்கள். முதல் நாளே ஒவ்வொரு டிரம்மின் முனையிலும் நடுமட்டத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். பெயின்ட் சில மாதத்தில் உரியும், மறுபடி போட வேண்டியிருக்கும். ஆள் ஏறிய பிறகு எந்த மூலையிலாவது கோடு தண்ணீருக்குள் போனால், முதலில் ஒரு மூட்டையை இறக்கிவிட்டுப் பிறகு காரணத்தைத் தேடுங்கள்.