சினே தொரே: ஆறு வருடப் பழக்கம்

மாட்ரிட்டுக்கு வந்த புதிதில் ஒரு மல்டிபிளெக்ஸில் ஆங்கிலப் படத்துக்கு டிக்கெட் எடுத்தேன். படம் முழுக்க ஸ்பானிஷ் டப்பிங். ஒன்றும் புரியாமல் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் அலுவலகத்தில் சொன்னபோது, "சினே தொரே என்ற திரையரங்குக்குப் போய்ப் பாருங்கள்" என்றார்கள். போனேன். ஆறு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஆன்தோன் மார்த்தின் மெட்ரோவில் இறங்கினால் இரண்டு நிமிட நடை. மார்க்கெட்டை ஒட்டி நிற்கும் பழைய கொட்டகை. 1912இல் தொடங்கியது, இப்போதுள்ள கட்டடம் 1923இல் எழுந்தது. சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே படம் பார்க்கிற கூட்டத்தால் ஒரு காலத்தில் இதற்கு 'விதை அரண்மனை' என்றே பட்டப்பெயர். 1963இல் மூடிவிட்டார்கள். ஸ்பெயினின் தேசியத் திரைப்படக் காப்பகமான ஃபில்மோதேகா 1989இல் இதைத் தன் திரையரங்காகத் திறந்தது.

டிக்கெட் 3 யூரோ. நான் வாங்குவது பத்துக் காட்சிக்கான அட்டை, 20 யூரோ. அதாவது ஒரு படம் 2 யூரோ. திங்கட்கிழமை விடுமுறை. மாதாமாதம் நிகழ்ச்சி நிரல் வரும். ஒரு படத்தைப் பெரும்பாலும் இரண்டு தடவைதான் போடுவார்கள் என்பதால், நிரல் வந்த அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுவது நல்லது.

வெளிநாட்டுப் படங்கள் மூல மொழியிலேயே, ஸ்பானிஷ் சப்டைட்டிலோடு ஓடும். இந்த ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு மெல்லத்தான் புரிந்தது. வெளிநாட்டுப் படங்கள் ஸ்பானிஷில்தான் பேச வேண்டும் என்று 1941இல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசு உத்தரவு போட்டது. சில வருடங்களில் உத்தரவு போய்விட்டது, டப்பிங் பழக்கம் போகவில்லை. தணிக்கைக்கும் அது வசதியாக இருந்தது. 'மொகாம்போ' படத்தில் கள்ளக்காதலை மறைப்பதற்காகக் கணவன் மனைவியை டப்பிங்கில் அண்ணன் தங்கை ஆக்கிவிட்டார்கள்! நடிகரின் சொந்தக் குரலைக் கேட்பதற்கென்றே இங்கே சிலர் தேடி வருவது ஏன் என்று இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் விளங்கியது.

எனக்கு ஸ்பானிஷ் வந்ததும் இந்த சப்டைட்டில்களால்தான். முதல் வருடம் பாதி வரி ஓடிவிடும். இரண்டாம் வருடம் ஸ்பானிஷ் இயக்குநர் பெர்லாங்காவின் பழைய படங்களைச் சப்டைட்டிலே இல்லாமல் பார்த்தேன். ஒரே நேரத்தில் நாலு பேர் பேசுவார்கள், பாதிதான் பிடிபடும். ஆனாலும் அரங்கத்தோடு சேர்ந்து சிரிக்க முடிந்தது.

மறக்க முடியாதது ஸ்பானிஷ் இயக்குநர் புனுவேலின் 'விரிதியானா' பார்த்த மாலை. 1961இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வாங்கிய படம். ஸ்பெயினிலேயே எடுத்த இந்தப் படத்தை, தடையால், அந்நாட்டு மக்கள் 1977 வரை திரையரங்கில் பார்க்க முடியவில்லை. பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். இளவயதில் பார்சலோனாவில் இருந்தாராம். இங்கே தடை செய்த படங்களைப் பார்க்க நண்பர்களோடு எல்லை தாண்டி, பிரான்சில் உள்ள பெர்பிஞ்ஞான் வரை காரில் போவார்களாம். "ஒரு படத்துக்கு ஒரு நாள் போய்விடும்" என்றார். அவர் கையிலும் அதே பத்துக் காட்சி அட்டை. அதன் பிறகு மாலைக் காட்சிகளில் அவரைப் பார்த்தால் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன்.

அப்புறம், கோடையில் மொட்டைமாடித் திரை. ஜூலையில் இங்கே இருட்டவே இரவு பத்து மணியாகிவிடும். பகலெல்லாம் வெயிலில் வெந்தவர்களுக்கு அந்தக் காற்றே போதும், படம் அதற்கு மேல். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

என் அட்டையில் இன்னும் இரண்டு காட்சி மீதி இருக்கிறது. வியாழக்கிழமை ஒன்று போய்விடும்.