200 மணி நேரம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்

ரிஷிகேசத்தில் யோகா ஆசிரியர் பயிற்சிக்குப் பணம் கட்ட நினைத்திருப்பவர்கள், அதிலும் என்னைப்போல் மலேசியாவிலிருந்து போகிறவர்கள், கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடந்த அக்டோபரில் தபோவனம் பகுதியில் உள்ள ஒரு பள்ளியில் 28 நாள், 200 மணி நேரப் பயிற்சியை முடித்தேன். சான்றிதழ் கையில் இருக்கிறது. அதில் அச்சாகியிருக்கும் 200 என்ற எண் பொய். அந்தப் பொய்க்கு நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பாலி, தாய்லாந்து என்று தோழிகள் சொன்னார்கள். என் மனம் ரிஷிகேசத்தில்தான் நின்றது. பாட்டியின் பூசையறையில் முருகனுக்குப் பக்கத்தில் சுவாமி சிவானந்தர் படம் இருக்கும். நெல்லைச் சீமையின் பத்தமடையில் பிறந்து, மலாயாவில் பத்தாண்டு டாக்டராக வேலை பார்த்து, எல்லாவற்றையும் உதறிவிட்டு ரிஷிகேசம் போனவர். "நம்ம ஊர்ல ஊசி போட்ட சாமி" என்பார் பாட்டி. அந்தப் பெருமையில் போனவள் நான்; ஏமாறுவதற்கு இவ்வளவு தயாராக ஒருத்தி அவர்களுக்கும் அடிக்கடி கிடைத்திருக்க மாட்டாள்.

கட்டணம் 1,450 டாலர், தனி அறை, சாப்பாடு சேர்த்து. முன்பணம் 300 டாலரை ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்கள். அங்கேயே விழித்திருக்க வேண்டும். மீதியைப் போய் இறங்கிய அன்றே ரொக்கமாக வாங்கிக்கொண்டார்கள். ரசீது கேட்டால் "நாளைக்குத் தருகிறோம் மேடம்". அந்த நாளை கடைசி வரை வரவில்லை. தனி அறையில் எனக்கு முன்பே ஒரு பிரேசில் பெண் துணி காயப் போட்டிருந்தாள். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது இந்தியச் சட்டம். என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போய், இரண்டு தெரு தள்ளியிருந்த வேறொரு விடுதியின் பெயரில் பதிவு செய்திருந்தார்கள். நாங்கள் இருந்த கட்டடத்துக்கு உரிமமே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

இணையதளத்தில் இருந்த வெண்தாடி ஆசிரியரைப் பார்த்துத்தான் பணம் கட்டினேன். "குருஜி ஐரோப்பா போயிருக்கிறார்" என்றார்கள். நான்கு வாரமும் அவர் ஐரோப்பாவிலேயே இருந்தார். பாடம் நடத்தியது, மூன்று மாதம் முன்பு அதே பள்ளியில் படித்து முடித்த ஒரு பையன். இருபத்திரண்டு வயது இருக்கும். கெட்டவன் இல்லை. அவன் உடம்பு வில்லாக வளையும். மற்றவர்கள் உடம்பு ஏன் வளையவில்லை என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, பச்சிமோத்தானாசனம். கால் நீட்டிக் குனிந்திருக்கிறேன். அந்தப் பையன் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் பின்னால் வந்து, தன் மார்பை என் முதுகில் வைத்து முழு எடையையும் இறக்கினான். இடது பிட்டத்துக்கு அடியில், உட்காரும் எலும்பை ஒட்டி, ஈரத்துணியைக் கிழித்தாற்போல ஒரு சத்தம். என் காதுக்குக் கேட்டதா, உடம்புக்குள் கேட்டதா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. "திறக்கிறது, நல்லது" என்றான். பக்கத்து விரிப்பில் இருந்த ஜெர்மன் நர்ஸ் எழுந்து வந்து அவனை நகர்த்திவிட்டு, டீக்கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்து வைத்தாள். தொடைப் பின்தசை எலும்பில் ஒட்டும் இடத்தில் கிழிசல் என்று என் ஊர் கிள்ளானுக்குத் திரும்பிய பிறகு ஸ்கேனில் தெரிந்தது. ஐந்து மாதம் பிசியோதெரபி. இன்னும் காரில் அரை மணிக்கு மேல் உட்கார முடிவதில்லை.

படுத்துக் கிடந்த நாட்களில்தான் கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன். ஞாயிறு நீங்கலாக 24 வகுப்பு நாள். 200 மணி நேரம் வர வேண்டுமானால் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இருபது நிமிடம் பாடம் நடக்க வேண்டும். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணை அப்படித்தான் சொன்னது. நடந்தது, காலை ஆசனம் ஒன்றரை மணி, மூச்சுப் பயிற்சி முக்கால் மணி, மாலையில் மனம் இருந்தால் இன்னொரு ஆசன வகுப்பு. உடற்கூறியலுக்கு மட்டும் 30 மணி நேரம் வேண்டும் என்பது யோகா பள்ளிகளைப் பதிவு செய்யும் யோகா அலையன்ஸ் வகுத்த அளவு. எங்களுக்கு ஏழு மணி நேரம், அதுவும் திரையில் இருந்ததை வாசித்துக் காட்டியது. மதியத் தூக்கம் 'சுயப் பயிற்சி' ஆனது. கங்கை ஆரத்தி பார்க்கப் போனது மூன்று மணி நேரம். சமையலறையில் முட்டைக்கோஸ் நறுக்கியது 'கர்ம யோகம்'. இதையெல்லாம் கழித்தால் என் நோட்டுப் புத்தகத்தில் 108 மணி நேரம். மாலை போட்டு ஜபிக்கலாம்.

யோகா அலையன்ஸ் என்றதும் ஏதோ அரசுப் பல்கலைக்கழகம் என்று நானும் நினைத்திருந்தேன். அது அமெரிக்காவில் உள்ள லாபநோக்கற்ற ஒரு சங்கம். பள்ளிகளையும் ஆசிரியர்களையும் பதிவு செய்கிறது. சான்றிதழ் தருவது பள்ளிதான். சங்கத்தின் இணையதளத்தில் பள்ளியின் பெயரைப் போட்டு யாரும் தேடலாம். ஊர் திரும்பி நான் தேடியபோது, இந்தப் பள்ளி போட்டிருந்த சங்க முத்திரைக்குப் பின்னால் இருந்தது கோவா முகவரியில் வேறொரு பெயர். பணம் கட்டுவதற்கு முன் தேடியிருந்தால் ஐந்து நிமிட வேலை. இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் என்று ஒன்று தனியாகத் தேர்வு வைக்கிறது. அதைப் பற்றிப் பள்ளியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

போகத்தான் வேண்டும் என்றால் முன்பதிவு செய்யாமல் போங்கள். நான்கு நாள் விடுதியில் தங்கி, இரண்டு மூன்று இடங்களில் ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கட்டி உட்கார்ந்து பாருங்கள். தபோவனத்தில் தடுக்கி விழுந்தால் யோகா பள்ளிதான். பாடம் நடத்தப்போகிறவர் யாரோ அவரோடு பேசாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

கடைசி நாள் ஒரு தாளை நீட்டினார்கள். '200 மணி நேரமும் கலந்துகொண்டேன்' என்று இருந்தது. கூடவே, கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டு மேலாளரிடம் போனைக் காட்டினால்தான் சான்றிதழ். மறுநாள் காலை விமானம். சம்பளமில்லா விடுப்பில் ஒரு மாதம் போயிருக்கிறது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வெட்கம். இரண்டையும் செய்தேன். ஜெர்மன் நர்ஸ் செய்யவில்லை. அவளுக்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை.

முன்பணத்தையாவது திருப்பிக் கேட்டு ஐந்து மாதமாக எத்தனையோ செய்தி அனுப்பினேன். நீல நிற டிக் விழும், பதில் வராது. போன வாரம் அந்த ஐந்து நட்சத்திரத்தை ஒன்றாக மாற்றி, மேலே எழுதியதைச் சுருக்கிப் போட்டேன். இருபது நிமிடத்தில் மேலாளரே அழைத்தார். "மேடம், உடம்பு எப்படி இருக்கிறது?"