மூன்று கடன் மதிப்பீட்டு நிறுவனங்கள்: எழுத்தை விட அறிக்கை மேல்

கடனைத் திருப்பிக் கட்டும் திறனை 'ஏஏஏ', 'ஏஏ' போன்ற எழுத்துகளால் தரம் பிரிக்கும் மூன்று பெரிய நிறுவனங்களில் ஒன்றுகூட அமெரிக்க அரசின் கடனுக்கு இன்று உச்ச மதிப்பீடு தருவதில்லை. எஸ் அண்ட் பி 2011 ஆகஸ்டிலும், ஃபிட்ச் 2023 ஆகஸ்டிலும், மூடிஸ் 2025 மே மாதத்திலும் ஒரு படி இறக்கின. ஒவ்வொரு முறையும் கட்சி சார்ந்த சேனல்கள் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பிடிக்காதவர் தலையில் பழியைப் போட்டன.

2011-ஐயே பாருங்கள். ஒரு தரப்பு ஒபாமாவின் செலவைக் காரணம் காட்டியது. மறு தரப்பு, அரசுச் செலவைக் குறைக்கச் சொன்ன குடியரசுக் கட்சி அணியான டீ பார்ட்டி மீது பழி போட்டு, 'டீ பார்ட்டி தரமிறக்கம்' என்றது. எஸ் அண்ட் பி அறிக்கையோ கடன் உச்சவரம்பை வைத்து நடந்த அரசியல் இழுபறியையும், வரி வருவாயைக் கூட்டுவதிலும் நலத்திட்டச் செலவைக் கட்டுப்படுத்துவதிலும் உடன்பாடு இல்லாததையும் சேர்த்தே சொன்னது. இவ்வளவையும் தலைப்பில் அடக்க முடியாதுதான், செய்திக்குள்ளாவது சொல்லியிருக்கலாம்.

எஸ் அண்ட் பி மீதும் குறை உண்டு. அதன் கணக்கில் சுமார் 2 லட்சம் கோடி டாலர் பிழை இருப்பதை அமெரிக்கக் கருவூலம் சுட்டிக்காட்டியது. எண்ணைத் திருத்தினார்கள், முடிவை மாற்றவில்லை. அரசுக் கடன் பத்திரச் சந்தையும் அந்த முடிவைப் பொருட்படுத்தவில்லை: அடுத்த வாரங்களில் பத்தாண்டுக் கருவூலப் பத்திரத்தின் ஈட்டம், அதாவது முதலீட்டாளருக்குக் கிடைக்கும் வட்டி விகிதம், ஏறாமல் இறங்கியது.

நிறுவனப் பத்திரங்களில் கதை இன்னும் மோசம். அங்கே கட்டணம் தருபவர் பத்திரம் வெளியிடுபவர். எரிசக்தி நிறுவனமான என்ரான் திவாலாவதற்கு நாலு நாள் முன்பு வரை முதலீட்டுத் தரத்தில், அதாவது ஓரளவு பாதுகாப்பானது என்ற வகையில், இருந்தது. முதலீட்டு வங்கியான லேமன் விழுந்த 2008 செப்டம்பரிலும் அதற்கு 'ஏ' வகை மதிப்பீடு. வீட்டுக்கடன் பத்திரங்களுக்கு வாரிக் கொடுத்த மதிப்பீடுகள் தொடர்பான வழக்குகளை முடிக்க எஸ் அண்ட் பி 2015-இல் 137.5 கோடி டாலரும், மூடிஸ் 2017-இல் சுமார் 86 கோடி டாலரும் கட்டின.

அப்படியானால் எதற்கு இந்தச் சேவை? அறிக்கைக்காக. எழுத்தைத் தாண்டி, முதலில் எதிர்நோக்கு (அவுட்லுக்) பகுதியைப் படியுங்கள். எஸ் அண்ட் பி அரசுகளுக்கு எதிர்மறை எதிர்நோக்கு தந்தால், அதிகபட்சம் இரண்டு ஆண்டுகளுக்குள் தரம் இறங்க மூன்றில் ஒரு பங்காவது வாய்ப்பு உண்டு என்று பொருள். எது நடந்தால் இறக்குவோம், எது நடந்தால் ஏற்றுவோம் என்ற பத்தி அதையொட்டியே வரும். உருப்படியான பகுதி அதுதான்.

பிறகு எஸ் அண்ட் பி அறிக்கையில் வரும் மதிப்பெண் அட்டவணை. நிறுவன அமைப்பு (அரசும் அதன் அமைப்புகளும் எவ்வளவு உறுதியாகச் செயல்படுகின்றன என்பது), பொருளாதாரம், வெளிநாட்டுக் கணக்கு, அரசு நிதி, பணக்கொள்கை என ஐந்துக்கும் 1 முதல் 6 வரை போடுவார்கள். 1 தான் சிறந்தது. நிறுவன அமைப்பு மதிப்பெண்ணில்தான் ஆய்வாளரின் அரசியல் கணிப்பு அதிகம் நுழைகிறது. அரசு நிதி எண்கள் அசையாமல் இது மட்டும் மாறியிருந்தால் தரமிறக்கத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். கடைசியில் இருக்கும் பொடி எழுத்துப் பகுதியையும் விடாதீர்கள்: கேட்டு வாங்கிய மதிப்பீடா, கேட்காமல் தந்ததா என்பது அங்கேதான் இருக்கும்.