ஆறு வருஷமா கிராஃப்ட் பீர் குடிச்சுப் பார்த்த நாகர்கோவில்காரனோட கணக்கு

என்கிட்ட ஒரு எக்ஸெல் ஷீட் இருக்கு, அதுல இன்னைக்கு வரைக்கும் 143 வரி. ஒரு வரிக்கு ஒரு பீர், தேதி, எங்க குடிச்சேன், எப்படி இருந்துச்சுன்னு நாலு வார்த்தை. 2018 கடைசியில வேலைக்குன்னு பெங்களூரு போனப்ப ஆரம்பிச்சது. கிராஃப்ட் பீர்னா பெரிய ஃபேக்டரி சரக்கு இல்ல, சின்ன அளவுல காய்ச்சி விக்கிற பீர். நம்ம ஊர்ப் பசங்க நிறைய பேர் "ஒரு கிளாஸுக்கு 400, 500 குடுத்து குடிக்கிற அளவுக்கு அதுல என்ன மக்கா இருக்கு"ன்னு கேக்குறதால எழுதுறேன், மொத்தமா ஒரே தடவ சொல்லி முடிச்சிடலாம்னு.

பெங்களூரு போற வரைக்கும் எனக்குத் தெரிஞ்ச பீர் ரெண்டே வகைதான், கூலிங் உள்ளது, கூலிங் இல்லாதது. அதுக்கு மேல யோசிச்சதே இல்ல. ஆபீஸ்ல கூட இருந்த அண்ணன் ஒருத்தர்தான் இந்திராநகர் 100 அடி ரோட்டுல இருக்கிற டோயிட்டுக்கு கூட்டிட்டுப் போனாரு, 2010ல ஆரம்பிச்ச எடம், பெங்களூருல பாதி பேருக்கு முதல் கிராஃப்ட் பீர் அங்கதான் நடந்திருக்கும். ஒரு பலகையில சின்னச் சின்னதா ஆறு கிளாஸ் கொண்டு வந்து வச்சாங்க. நான் அவசரப்பட்டு முதல்ல எடுத்தது ஐபிஏ, கசப்பு தூக்கலான ஒரு வகை. நிலவேம்புக் கஷாயம் குடிச்ச புள்ள மாதிரி என் மூஞ்சி போன போக்கைப் பார்த்து அந்த அண்ணன் சிரிச்சாரு பாருங்க, இன்னும் மறக்கல.

மூணாவது கிளாஸ் கோதுமை பீர், வைஸ்னு சொல்றது. கலங்கலா, பழைய கஞ்சித்தண்ணி நிறத்துக்கும் எலுமிச்சைக்கும் நடுவுல ஒரு நிறம். வாய்கிட்ட கொண்டு போனதும் மட்டிப்பழ வாசம். சும்மா சொல்லல, எங்க வீட்டுல குலை பழுத்து தொங்குறப்ப அடுக்களையில வருமே அதே வாசம், பின்னாடியே கிராம்பு. மட்டியும் நம்ம ஊரு, மாறாமலை கிராம்பும் நம்ம ஊரு, ரெண்டுக்குமே புவிசார் குறியீடு வாங்கி வச்சிருக்கோம், இங்க எவனோ ஜெர்மன்காரன் முறையில காய்ச்சின பீர்ல ரெண்டும் ஒண்ணா வருது. "இதுல கிராம்பு போட்டிருக்காங்களா அண்ணே"ன்னு கேட்டேன். ஒண்ணுமே போடலையாம். பாதிக்கு மேல கோதுமை மால்ட் (முளை கட்டிக் காயவச்ச தானியம்), மிச்சம் பார்லி மால்ட், கொஞ்சம் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு குடுக்கிற ஒரு பூ), தண்ணி, ஈஸ்ட், அவ்வளவுதான். அந்த ஈஸ்ட் சக்கரையைத் தின்னு சாராயமாக்குறப்ப கூடவே ஐசோஅமைல் அசிடேட்னு ஒண்ணு வருமாம், வாழைப்பழ வாசம் அதுதான். கிராம்பு வாசம் இன்னொரு சமாச்சாரம், அதுக்கும் அதே ஈஸ்ட்தான் காரணம். எனக்கு அன்னைக்குதான் பீர்ங்கிறது ஒரு சரக்கு மட்டும் இல்லன்னு தோணிச்சு. ஷீட்டோட முதல் வரி அதுதான்: "மட்டி. கிராம்பு. திரும்ப வரணும்."

அப்புறம் ஒரு ஒன்றரை வருஷம் சுத்தினேன். ஒய்ட்ஃபீல்டுல விண்ட்மில்ஸ், ஒரு பக்கம் புத்தக அலமாரி ஒரு பக்கம் ஜாஸ் கச்சேரின்னு நடுவுல நமக்கு கொஞ்சம் கூச்சமாதான் இருக்கும். ஆர்பர்னு இன்னொரு எடத்துல ரேஜிங் எலிஃபன்ட்னு ஒரு ஐபிஏ, அதை அஞ்சாவது தடவ குடிக்கிறப்பதான் கசப்புக்குப் பின்னாடி நாரத்தை தோல் வாசம் இருக்குன்னு பிடிபட்டுச்சு, அதுல இருந்து ஐபிஏ பிடிக்க ஆரம்பிச்சது. பாகற்காய் கூட சின்ன வயசுல பிடிக்காது இல்லையா, அது மாதிரிதான். ஸ்டவுட்ங்கிற கருப்பு பீர் கருக வறுத்த பார்லி, கடுங்காப்பி மாதிரி இருக்கும், மழைக்கு நல்லது. பெல்ஜியன் விட்ங்கிற இன்னொரு கோதுமை பீர்ல கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் நெஜமாவே போடுவாங்க. மாம்பழம், கொய்யா, மிளகாய்னு சீசனுக்கு சீசன் ஏதாவது விடுவாங்க, அதுல முக்கால்வாசி ஜூஸ் கடை விளையாட்டு, ஒரு தடவைக்கு மேல காசு குடுக்க மாட்டேன்.

2020ல எல்லாம் மூடி, லேப்டாப்பைத் தூக்கிட்டு நாகர்கோவில் வந்து சேர்ந்தேன். ரெண்டு வருஷம் ஷீட்ல ஒரு வரி கூட ஏறல, நம்ம மாவட்டத்துல பீர் காய்ச்சிக் குடுக்கிற எடம் எங்க இருக்கு. ஆனா நான் பீரைப் பத்தி உருப்படியா எதையாவது கத்துக்கிட்டேன்னா அது அந்த ரெண்டு வருஷத்துலதான், அதுவும் எங்க சித்தப்பாகிட்ட. அவரு பதினெட்டு வயசுல இருந்து பனை ஏறினவரு, இப்ப முட்டி வலின்னு ஏறுறதில்ல, ஆனா அக்கானி (பதநீர்) சீசன் வந்துட்டா காலையில விளையில, அதான் தோப்புல, போய் நிக்கலன்னா அவருக்கு ஆகாது. கூட நானும் போவேன். எறக்கின கலயத்துக்குள்ள உள்பக்கம் வெள்ளையா சுண்ணாம்பு தடவி இருக்கும், மேல நுரையில ரெண்டு தேனீ செத்துக் கெடக்கும், அதை விரலால ஒதுக்கிட்டு பட்டையில ஊத்திக் குடுப்பாரு. "சுண்ணாம்பு போட்டா அக்கானி, போடலன்னா கள்ளு, இம்புட்டுதாம்ல வித்தியாசம்"னாரு. யோசிச்சுப் பாருங்க, 1516ல ஜெர்மனியில பவேரியாக்காரன் பீருக்குன்னு போட்ட சட்டத்துல பார்லி, ஹாப்ஸ், தண்ணி மூணும்தான் இருக்கு, ஈஸ்ட் இல்ல, ஏன்னா அப்படி ஒண்ணு இருக்குன்னே அப்ப யாருக்கும் தெரியாது. சித்தப்பாவும் ஈஸ்ட்ன்னு சொல்ல மாட்டாரு, ஆனா சுண்ணாம்பை வச்சு அதை எப்படி நிப்பாட்டணும்னு அவருக்குத் தெரியும்.

கள்ளு விஷயத்துல நம்ம நெலமை ஒரு கூத்து. இங்க தமிழ்நாட்டுல 1987ல இருந்து தடை. களியக்காவிளை தாண்டி கேரளாவுல பாறசாலைப் பக்கம் போனா லைசென்ஸோட கள்ளு ஷாப்பு, மரச்சீனியும் மீன்கறியும் வச்சு குடும்பத்தோட சாப்பிடுறாங்க. 1956 நவம்பர் 1க்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஒரே திருவிதாங்கூர்–கொச்சிதான், கோடு ஒரு பத்து மைல் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ விழுந்திருந்தா யாரு பனைக்கு யாரு கலயம் கட்டியிருப்பாங்களோ. பகல் பதினோரு மணிக்கு ஒரு தடவ, சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு தடவன்னு ரெண்டு வேளை போய் அங்க தென்னங்கள்ளு குடிச்சுப் பார்த்தேன். காலையில இளநீரோட தம்பி மாதிரி இனிப்பு, லேசா நாக்குல கூசுது. சாயங்காலம் புளிச்சு, காட்டமா, மோர்க்கொழம்பு வாசம். ஒரே ஷாப்பு, ஆறு மணி நேரம்தான் வித்தியாசம்.

இதுல இருந்துதான் என்னோட ஒரே ஒரு ரூல் வந்துச்சு: பீரை அது காய்ச்சின எடத்துல போய் குடி. நான் இதை மீறி பட்டிருக்கேன். 2022 மே மாசம், லீவுக்கு ஊருக்கு வந்தப்ப ஒரு கடையில கிராஃப்ட் பிராண்டு கோதுமை பீர் டின்னு கண்ணுல பட்டுச்சு, பேரு வேண்டாம். சந்தோஷத்துல நாலு வாங்கி, மச்சான்கிட்ட "மட்டிப்பழம் மணக்கும் பாருங்க"ன்னு பெருசா பில்டப் எல்லாம் குடுத்து ஒடச்சா, நனைஞ்ச அட்டைப்பெட்டி. வாசமும் அதுதான் ருசியும் அதுதான். அடியில தேதி பார்த்தா ஏழு மாசம் முன்னாடி போட்டது, இடையில எத்தனை லாரியில எத்தனை வெயில்ல கெடந்துச்சோ. மச்சான் நல்லவரு, "கொள்ளாம் கொள்ளாம்"னு சொல்லிட்டு அந்த டின்னை கடைசி வரைக்கும் கையில பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. காத்துல இருக்கிற ஆக்ஸிஜன் உள்ள மாட்டிக்கிட்டு, சூடும் சேர்ந்தா பீர் அப்படி ஆயிடும். பாட்டில்னா இன்னொரு தொல்லை, பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் வெளிச்சத்தை உள்ள விட்டுடும், ஹாப்ஸ் வெளிச்சம் பட்டா நாத்தம் பிடிக்கும், அதான் பிரவுன் பாட்டில். அதனால வாங்குறதுக்கு முன்னாடி தேதியைப் பாருங்க, மூணு மாசம் தாண்டின கோதுமை பீரை நான் தொடவே மாட்டேன். "பெங்களூருல இருந்து வாங்கிட்டு வாயேன்"னு கேக்குறவங்களுக்கும் இதேதான் பதில், ஒரு ராத்திரி ரயில்ல ஆடி சூடேறி வர்ற பீர் அந்த பீரே இல்ல.

நல்லதை மட்டும் சொல்லிட்டுப் போனா அது ரிவியூ இல்ல. திரும்ப பெங்களூரு போன பிறகு, 2022 அக்டோபர்ல ஒரு ராத்திரி மூணு மணிக்கு வலது கால் பெருவிரல்ல யாரோ கொறடு வச்சுத் திருகுற மாதிரி வலி. போர்வை பட்டா கூட உயிர் போகுது. யூரிக் ஆசிட் 8.4. டாக்டர் முதல் கேள்வியே "பீரா?"ன்னுதான் கேட்டாரு, பீர்ல பியூரின் இருக்கு, அது யூரிக் ஆசிட்டைக் கூட்டும், கிராஃப்டு, கிராஃப்ட் இல்லாததுன்னு அது பார்க்காது. வாரம் ரெண்டு தடவ போனவன் அதோட மாசத்துக்கு ஒண்ணுன்னு கொறச்சேன். எடையும் ஆறு கிலோ கொறஞ்சுது. மெட்ரோவுல போறேன் மெட்ரோவுல வர்றேன், வண்டியைத் தொடுறதில்ல. இந்த மாசத்துக்கு ஒண்ணு ஆனப்புறம்தான் நெஜமா ருசிச்சுக் குடிக்கிறேன்னு தோணுது, ஆனா அந்த வலி வந்துதான் புத்தி வரணும்னு இல்ல, நீங்க ரெண்டு கிளாஸோட எந்திரிச்சிடுங்க.

போன வருஷம் சித்தப்பா கண்ணு ஆபரேஷனுக்கு பெங்களூரு வந்திருந்தாரு. கட்டு அவுத்து மாசம் ஒண்ணானப்புறம், டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான், கூட்டிட்டுப் போய் அந்த கோதுமை பீரை ஒரு சின்ன கிளாஸ் வாங்கி வச்சேன். மோந்து பார்த்தாரு, ஒரு மடக்கு குடிச்சாரு, உள்ள கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற ஸ்டீல் டேங்க்கைப் பார்த்தாரு. "இன்னும் அடங்கல மக்கா, உள்ள வேலை நடந்துக்கிட்டுதான் கெடக்கு"ன்னாரு. ஃபில்டர் பண்ணாம ஈஸ்ட்டோட குடுக்கிற பீர் அது, அதை யாரும் அவருக்குச் சொல்லல.

அன்னைக்கு அங்க காய்ச்சுற பையன்கிட்ட பேச்சு குடுத்ததுல, கருப்பட்டி போட்டுப் பார்க்கலாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு. அடுத்த தடவ ஊர்ல இருந்து வரும்போது திங்கள்சந்தையில மூணு கிலோ வாங்கி, சிரட்டையில ஊத்தின அச்சு ஒடயாம ஐலண்ட் எக்ஸ்பிரஸ்ல கொண்டு வந்து குடுத்தேன். 50 லிட்டர் போர்ட்டர்ல, அதுவும் ஒரு கருப்பு பீர்தான், அத்தனையும் போட்டான். ஆறு வாரம் கழிச்சு கூப்பிட்டு கிளாஸைக் கையில குடுத்தா, இனிப்பு சுத்தமா இல்ல. கருப்பட்டி சக்கரை மொத்தத்தையும் ஈஸ்ட் தின்னுட்டு, அஞ்சு சதவீதம்னு நினைச்சது ஏழு கிட்டப் போய், உடம்பு மெலிஞ்சு, கடைசியில தொண்டையில அடுப்புப் புகை வாசம் மட்டும் லேசா நிக்குது. எனக்கு அந்தப் புகை பிடிச்சிருந்துச்சு, 143வது வரி அதுதான். சித்தப்பாவுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "மூணு கிலோவையுமா தின்னுச்சு? அப்பம் அடுத்த தடவ கொஞ்சம் சுண்ணாம்பு போடச் சொல்லுல"ன்னாரு.

அந்தப் பையன்கிட்ட இதை இன்னும் சொல்லல.