ஆலன் வளரும் சுண்டெலி மூளை அட்லஸ்: காசு கேட்காத நல்ல கருவி
எம்.எஸ்சி. வகுப்பில் நியூரான் (நரம்புச் செல்) வளர்ச்சி நடத்தும்போது நான் முதலில் திறப்பது, சியாட்டிலின் ஆலன் நிறுவனம் இலவசமாகத் தரும் இந்த அட்லஸைத்தான். வளரும் சுண்டெலி மூளையில் எந்த மரபணு எங்கே இயங்குகிறது என்று மூளைச் சீவல்களில் நிறமாகக் காட்டும் படத்தொகுப்பு இது. கருவின் 11.5ஆம் நாள் முதல் பிறந்த 28ஆம் நாள் வரை ஏழு கட்டங்கள், சுமார் 2,000 மரபணுக்கள்.

பாக்ஸ்6 (Pax6) என்ற மரபணுவைத் தேடி, 13.5ஆம் நாளின் பெருமூளைப் புறணியைப் பாருங்கள். மூளையறையை (மூளைக்குள் திரவம் நிறைந்த குழி) ஒட்டிய ஓரத்தில், இன்னும் பிரிந்துகொண்டிருக்கும் செல்களில் அடர்நிறம். அப்புறம் டிபிஆர்1 (Tbr1) மரபணுவைத் தேடினால் நிறம் வெளிப்பக்கம் போய்விடும்: பிரிவதை நிறுத்தி நியூரானாகிவிட்ட செல்கள். ஒரு மரபணு அடங்க இன்னொன்று தலையெடுப்பது கண்ணெதிரே தெரிகிறது. பாடப்புத்தக அம்புக்குறிகளில் இந்த ருசி கிடையாது.

அட்லஸ் காட்டுவது ஆர்.என்.ஏ. (மரபணு இயங்கும்போது உருவாகும் அதன் நகல்) மட்டும், புரதத்தின் அளவை இதை வைத்துச் சொல்ல முடியாது. கைபேசியில் பார்ப்பது வீண், பெரிய திரை வேண்டும்.